தராசில் ஏறாத பாரம்

எங்களில் ஒருத்தியின் அம்மா ரக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவர். போன வருடம் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் நிறையத் துணித்துண்டுகள் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். பழைய சாரியைக் கிழித்து மடித்தவை. வீட்டில் கைக்குழந்தையும் இல்லை. "எதுக்கும்மா இவ்வளவு துணி?" என்று கேட்டதற்கு, "மழ நாள்ல வெளிய காயுதில்ல, அதான் இங்க போட்டேன்" என்று பதில் வந்தது. கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. ரெண்டு நாள் கழித்து, லைட்டை அணைத்த பிறகுதான் மீதிக் கதை வந்தது. இருமினால், தும்மினால், கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் ஒண்ணுக்குக் கசிகிறது. கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இப்படித்தான். அந்தக் கடைசிப் பிள்ளைக்கு இப்போது 17 வயது.

அவள் கேம்பஸுக்குத் திரும்பி வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது நாங்கள் செய்த முதல் வேலை, எங்கள் தலைமுறை செய்கிற அதே வேலைதான்: போனை எடுத்துத் தேடினோம். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி சொல்லிக்கொடுக்கும் செயலிகள் வரிசையாக வந்தன. ஒன்றை இறக்கிப் பார்த்தோம். திரையில் ஒரு வட்டம் சுருங்கும், அப்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். வட்டம் விரியும்போது விட வேண்டும். எத்தனை தடவை செய்தீர்கள் என்று அதுவே எண்ணும், மறந்தால் மணி அடிக்கும். நல்லதாகத்தான் பட்டது. "அம்மா, ஒங்களுக்கு ஒரு ஆப் போட்டுத் தாரேன்" என்று அவள் போனில் சொன்னதற்கு, "ஆப்பா? இருக்குற ஆப்பு போதாதா?" என்று அம்மா கேட்டாராம். சிரித்தோம். பிறகு ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுப் பெண்களிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தோம். தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பெரியம்மா, பலாங்கொடையில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டி, எட்டியாந்தோட்டையில் ஒரு அக்கா. எல்லாரும் முதலில் சொன்னது ஒரே வசனம்: "அது எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே."

எல்லாருக்கும் உள்ளதென்றால் அதற்கு ஒரு வரலாறும் இருக்க வேண்டும். அதைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். முன்னால் இருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தொட்டில் மாதிரித் தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் தங்கியிருக்கின்றன. பிள்ளைப்பேற்றில் இந்தத் தசைகள் இழுபட்டுத் தளர்கின்றன. பிறகு உடம்பு ஆறுவதற்குள் பாரம் தூக்கினால், நாள்பட்ட இருமல் இருந்தால், மலச்சிக்கலில் முக்கினால், இன்னும் தளர்கின்றன. லேசாகத் தளர்ந்தால் சிறுநீர் கசியும். மோசமாகத் தளர்ந்தால் கர்ப்பப்பையே கீழே இறங்கும். எங்கள் பாட்டிமார் "அடி எறங்கிப் போச்சு" என்று சொல்வது இதைத்தான். கை, கால் தசையைப் போல இதையும் பயிற்சியால் பலப்படுத்தலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தசை. எதை இறுக்குகிறோம் என்பதே பலருக்குப் பிடிபடாது. வயிற்றை இறுக்குவார்கள், தொடையை இறுக்குவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள்.

இந்தப் பயிற்சிக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் ஓர் ஆணுடையது. ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் 1948 இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதனால் 'கீகல் பயிற்சி' ஆனது. ஆனால் அதற்கு 12 வருடம் முந்தியே, 1936 இல், மார்கரெட் மோரிஸ் என்ற நடனக் கலைஞரும் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் மினி ராண்டலும் சேர்ந்து பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய பயிற்சிகள் பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார்கள். பெண்கள் எழுதியது நூலகத்தில் இருந்தது, டாக்டர் எழுதியது பெயராக நிலைத்தது. இது ஆச்சரியப்படுகிற விஷயம் இல்லை என்பதால் மேலே போகிறோம். (நம்ம ஆட்கள் சிலர் "இதெல்லாம் எங்க யோகத்துல எப்பவோ இருக்கு" என்பார்கள். உண்மைதான், கேரண்ட சம்ஹிதையில் அஸ்வினி முத்திரை இருக்கிறது, மூலபந்தமும் இருக்கிறது. ஆனால் அவை குண்டலினியை எழுப்ப நினைத்த யோகிகளுக்குச் சொன்னவை. பிள்ளை பெற்று முப்பதாம் நாள் மலையேறின பெண்ணுக்கு யாரும் அஸ்வினி முத்திரை சொல்லிக்கொடுக்கவில்லை.)

கீகல் செய்த முக்கியமான காரியம் பயிற்சி அல்ல, அளவு. வாயால் சொல்லிக்கொடுத்தால் பெண்களுக்குத் தசை பிடிபடவில்லை என்பதை அவர் கண்டார். ஆகவே ஒரு கருவி செய்தார். யோனிக்குள் வைக்கும் காற்றடைத்த சிறிய குழாய், அதோடு இணைத்த ஒரு அளவுமானி. சரியான தசையை இறுக்கினால் முள் நகரும். பெண் தன் கண்ணால் அதைப் பார்ப்பாள். நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று அவளே எழுதி வைக்கலாம். இன்றைய செயலியின் சுருங்கி விரியும் வட்டம், அந்த முள்ளின் பேத்தி என்று சொல்லலாம்.

1948 என்றதும் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். அதே வருடம்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெண் தன் தசையின் அளவைத் தானே படிக்கத் தொடங்கிய வருடத்தில், இங்கே எங்கள் பூட்டிமார் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் போனார்கள்.

ஆனால் தோட்டத்துக் கணக்கில் இருந்தார்கள். அதுதான் இந்தக் கதையின் விசித்திரம். தோட்டத்துப் பெண்ணின் உடம்பைப் போல எண்ணப்பட்ட உடம்பு இலங்கையில் குறைவு. கொழுந்து எத்தனை கிலோ, எத்தனை பேர், அரைப்பேரா முழுப்பேரா, எத்தனையாவது பிள்ளை, எல்.ஆர்.டி. செய்தாச்சா இல்லையா. எல்லாம் எழுதப்பட்டன. எழுதினவர்கள் வேறு ஆட்கள், எழுதினது வேறு தேவைக்கு.

சட்டங்களைப் பாருங்கள். தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் முதலில் 1872 இல் வந்தது. கோப்பிக் காலம் அது. ஆட்கள் வழியிலும் தோட்டத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் செத்தால் தோட்டம் ஓடாது. 1912 இல் வந்த சட்டங்கள் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும், அந்த மாதத்தில் வேலைக்கு அழைக்கக் கூடாது என்றன. ஆனால் வைத்திய அதிகாரி "இவள் வேலைக்குத் தகுதி" என்று சான்று கொடுத்தால் அதற்கு முதலே இறக்கலாம். தகுதி என்றால் எதற்குத் தகுதி? மட்டக்கம்பைப் போட்டு, நிரை பிடித்து, தலையில் கயிறு மாட்டிக் கூடையைச் சுமக்கத் தகுதி. 1916 இல் ராக்பெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதனால் சோகை குறைந்தது என்பது நல்லதுதான். ஆனால் துரைமாரிடம் அதற்குச் சம்மதம் வாங்கச் சொல்லப்பட்ட நியாயம், சோகையில்லாத கூலி கூடுதலாக வேலை செய்வான் என்பது.

1939 இன் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பெரிய மாற்றம், அதை மறுக்க முடியாது. கையில் காசு கிடைத்தது. அதற்குள்ளும் ஒரு கணக்கு இருந்தது: முந்திய 12 மாதத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே கர்ப்பமான பெண் வயிறு பெருத்த பிறகும் பேர் போட ஓடினாள். தோட்டத்து பாஷையில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம் என்பதை வெளியாட்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். பேறுகாலத்துக்குப் பேர் எண்ண வேண்டியிருந்தது. பிறகு விடுமுறை 12 வாரமானது, ஆனால் முதல் ரெண்டு பிள்ளைகளுக்குத்தான். மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதி. எங்கள் சிநேகிதியின் அம்மா கசிவு தொடங்கியதாகச் சொல்கிற பிள்ளை மூன்றாவது பிள்ளை. ஆறு வாரத்தில் மலைக்குப் போயிருக்கிறார். மூன்றாவது பிரசவத்தில் தசை இன்னும் அதிகமாகத் தளரும், ஓய்வு இன்னும் அதிகமாக வேண்டும். சட்டமோ தலைகீழாக எண்ணியது. இந்தப் பாகுபாடு 2018 இல்தான் திருத்தப்பட்டது. அவருக்கு அது பிந்திப் போன திருத்தம்.

பாட்டிமாரின் வைத்தியம் என்னவென்றும் கேட்டோம். பிள்ளை பிறந்ததும் பழைய சாரியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது, பத்தியச் சாப்பாடு, சுடுதண்ணி. பலாங்கொடைப் பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "கட்டிக்கிட்டுக் கெடந்தா நல்லதுதான், கெடக்க விட்டாத்தானே" என்றார்.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதாமல் இந்த வரலாற்றைக் கடக்க முடியாது. 1980 இல் அரசாங்கம் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 100 ரூபாவில் ஆரம்பித்து அதே வருடத்துக்குள் 500 ரூபாவாயிற்று. அந்தக் காலத்தில் தோட்டத்தில் 500 ரூபா என்றால் சின்னக் காசில்லை. 1984 இல்தான் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளமே கிடைத்தது, அதற்கு முந்திய காலம் இது. நாட்டின் மற்ற இடங்களை விடத் தோட்டப்புறங்களில் நிரந்தரக் கருத்தடை வீதம் மிக அதிகம் என்பது அரசாங்கத்தின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளிலேயே தெரிகிறது. மானிடவியல் ஆய்வாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011 இல் எழுதிய கட்டுரையொன்றில், இது சுதந்திரமான தெரிவு அல்ல, வறுமையும் நிர்வாகமும் சுகாதாரப் பகுதியும் சேர்ந்து தள்ளியது என்று வாதிடுகிறார். விரும்பிச் செய்த பெண்களும் உண்டு, எங்கள் வீடுகளிலும் உண்டு, அவர்கள் சார்பில் நாங்கள் பேச முடியாது. நாங்கள் கவனித்தது இதை மட்டும்தான்: பிள்ளை பெறும் உறுப்புக்கு லொறி ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரி வரை கூட்டிக்கொண்டு போனவர்கள், அந்த உறுப்பைத் தாங்குகிற தசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாவதுக்கு இலக்கு இருந்தது. இரண்டாவதை யாரும் எண்ணவில்லை.

சப்ரகமுவக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா, ஹட்டன் என்றால் ஒரு மலை முழுக்க நம்ம ஆட்கள். இரத்தினபுரி, கேகாலையில் அப்படியில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் தேயிலை, அடுத்ததில் ரப்பர், சிலதில் ரெண்டும். கிளினிக்கில் பெரும்பாலும் சிங்களம்தான் நடக்கும். எங்கள் அம்மாமார் சந்தையில் சரளமாகச் சிங்களம் பேசுவார்கள், கடன் கேட்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள். ஆனால் "ஒண்ணுக்குக் கசியுது" என்பதை அந்நிய பாஷையில் அந்நிய ஆளிடம் சொல்ல வேறொரு துணிச்சல் வேண்டும். அதோடு 1977, 1981 என்ற வருடங்களை இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் மறக்கவில்லை. லயங்கள் எரிந்த வருடங்கள் அவை. எட்டியாந்தோட்டை அக்காவின் மாமியார், பிள்ளைப்பேற்றுக்குக்கூடத் தோட்டத்தை விட்டு வெளியே போகமாட்டேன் என்று நின்றவராம். தோட்டத்து டிஸ்பென்சரியில் என்ன இருந்ததோ அதுதான் அவருக்கு வைத்தியம். 1996 இல் நாடு முழுவதும் சுகவனிதையர் கிளினிக் தொடங்கிய பிறகு கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்க்க ஓர் இடம் வந்தது. அன்றைய பேரை விட்டுவிட்டுப் போக முடிந்தவர்கள் போனார்கள்.

பால் வெட்டும் பெரியம்மாவின் கதையில் இன்னொன்று கிடைத்தது. ரப்பர் மலைக்கு விடியமுதல் இறங்க வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது. மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பிறகு சிரட்டைகளிலிருந்து பாலை வாளிக்கு ஊற்றி, நிறைந்த வாளியோடு சரிவில் ஏற வேண்டும். மலையில் மலசலகூடம் இல்லை. ஆகவே காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார். "குடிச்சா எங்க போறது?" தண்ணீர் குடிக்காவிட்டால் மலச்சிக்கல். அதற்கு முக்க வேண்டும். அடக்கி அடக்கிச் சிறுநீர்க்குழாயில் எரிச்சல். வீட்டுக்கு வந்தால் விறகடுப்புப் புகை, அதனால் இருமல். இருமினால் கசிவு. டாக்டர்கள் இடுப்புத்தளம் தளர்வதற்குச் சொல்லும் காரணங்களின் பட்டியலை எடுத்தால், அது ஒரு தோட்டத்துப் பெண்ணின் ஒருநாள் நேரசூசி மாதிரியே இருக்கிறது.

இப்போது செயலிக்கு வருவோம். இவை வந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. 2013 இல் பிரித்தானியாவில் மைரா ராப்சன் என்ற இயன்மருத்துவர் 'ஸ்க்வீஸி' என்ற செயலியைக் கொண்டுவந்தார். பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பும் பெண்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. சுவீடனின் உமியோ பல்கலைக்கழகம் 'டெட்' என்ற செயலியை உருவாக்கி, அதைப் பரிசோதித்தும் பார்த்தது. 123 பெண்கள், மூன்று மாதம். பாதிப்பேருக்குச் செயலி, மீதிப்பேர் காத்திருப்பில். 2017 இல் வெளியான முடிவு: செயலி பயன்படுத்தியவர்களுக்குக் கசிவு தெளிவாகக் குறைந்தது. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல்களும் ஆபரேஷனுக்கு முதல் இதைத்தான் சொல்கின்றன: நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது எட்டு முறை இறுக்கி விடுவது, குறைந்தது மூன்று மாதம். முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் நல்லது. ஆகவே இது சும்மா போன் விளையாட்டில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் இறக்கவும் சொல்லமாட்டோம். 2021 இல் 'ஃப்ளோ' என்ற மாதவிடாய்ச் செயலி, பெண்களின் சுகாதாரத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளோடு பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு உடன்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது. கங்காணி போனான், கணக்கப்பிள்ளை போனான், இப்போது கணக்கை வேறெங்கோ இருக்கிற கம்பெனி எழுதுகிறது. நாங்கள் சிநேகிதியின் அம்மாவுக்குத் தெரிந்தெடுத்தது பெயர், பிறந்த திகதி எதுவும் கேட்காத, டேட்டா இல்லாமலும் ஓடுகிற ஒன்று. இங்கிலிஷ்தான். ஆனால் வட்டத்துக்குப் பாஷை இல்லை. முதல் வாரம் மகள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தாள்: குசுவை அடக்குவது போலவும், ஒண்ணுக்கை அடக்குவது போலவும் சேர்த்து உள்ளே மேலே இழுக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது, விடும்போது முழுதாக விட வேண்டும். தாயும் மகளும் அந்த வாரம் சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை என்று அவள் சொன்னாள்.

சிரிப்பு முடிந்த பிறகுதான் சிக்கல். செயலி மூன்று நேரம் மணி அடித்தது: காலை 8, மதியம் 1, இரவு 9. காலை 8 மணிக்கு அம்மா மலையில், ரெண்டு கையும் கொழுந்தில். போன் லயத்தில். இரவு 9 மணிக்கு ஒரே காம்பராவில் அப்பா, தம்பி, மாமியார். அமைதியாகப் படுத்து, கால்களை மடித்து, ஆழமாக மூச்செடுக்கச் சொன்னது திரை. அம்மா போனைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிப் போனார். நான்காவது நாள் "நீங்கள் தொடரைத் தவறவிட்டீர்கள்" என்று ஒரு செய்தி வந்தது. மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா கேட்டது: "இதுலயும் அரைப்பேரா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் சிரிக்கவில்லை. செயலியும் எண்ணத்தான் செய்கிறது. ஆனால் கீகலின் முள்ளுக்கும் கொழுந்துத் தராசுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறதே. தராசில் எழுதுவது தோட்டத்துக்காக. ஈரத்துக்கென்று, சாக்குக்கென்று கழிக்கிற கிலோவைக் கேட்டுச் சண்டை பிடிக்கலாம், ஆனால் கணக்குப் புத்தகம் அவர் கையில் வராது. முள்ளைப் பார்த்தது அந்தப் பெண்தான், அவளுக்காக. அதே மாதிரி இந்தக் கணக்கும் அம்மாவின் கைக்கு வர வேண்டுமென்றால், மணி அடிக்கிற நேரத்தை அவர்தான் வைக்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது.

அப்போதுதான் இன்னொரு ஆய்வு கைக்கு வந்தது. 1998 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தவர்கள் எளிய ஒன்றைச் சோதித்திருந்தார்கள். தசை பலப்பட மாதக்கணக்கு வேண்டும், சரி. ஆனால் இருமலுக்குச் சற்று முன்னால், அந்த நொடியில், தசையை இறுக்கிக்கொள்ளப் பழகினால் என்ன? ஒரு வாரப் பழக்கத்திலேயே இருமும்போது கசிவு குறைந்தது. இதைச் செய்யப் படுக்க வேண்டாம், தனி அறை வேண்டாம், போனும் வேண்டாம். தும்மலுக்கு முன், சாக்கைத் தோளுக்கு ஏற்றுமுன், வாளியைத் தூக்குமுன் ஓர் இறுக்கு. பெரியம்மாவுக்குச் சொன்னபோது, "இவ்வளவுதானா? இத அந்த மிட்வைஃப் மிஸ்ஸி அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மிஸ்ஸிக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். கீழே ஏதோ தட்டுப்படுவது போல, ஏதோ வெளியே வருவது போல இருந்தால், இரத்தம் பட்டால், எரிச்சலோடு காய்ச்சல் வந்தால், செயலி அல்ல, கிளினிக்தான். இறங்கின கர்ப்பப்பையைத் தாங்க வளையம் இருக்கிறது, தேவையென்றால் ஆபரேஷன் இருக்கிறது. அதோடு, பயிற்சியை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. 18 கிலோ, 20 கிலோ என்று நாளிலக்கு வைத்து, மலையில் ஒரு மலசலகூடமும் கட்டாமல், "நீ உன் தசையைப் பலப்படுத்திக்கொள்" என்று பெண்ணிடம் சொன்னால், பழுதானது தோட்டமல்ல, நீதான் என்று சொன்ன மாதிரி.

நேபாளத்தில் இதை வேறு மாதிரிப் பார்த்தார்கள். அங்கும் மலை, அங்கும் பாரம், அங்கும் பிள்ளை பெற்ற கையோடு வேலை. கர்ப்பப்பை இறக்கம் அங்கு மிகப் பரவலாக இருந்தது. 2008 இல் நேபாள உச்ச நீதிமன்றம், இத்தனை பெண்கள் இப்படி இருப்பது தனிப்பட்ட நோயல்ல, அவர்களின் இனப்பெருக்க உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. பிறகு அரசாங்கம் ஆபரேஷன் முகாம்களை நடத்தியது. 2014 இல் சர்வதேச மன்னிப்புச் சபையின் அறிக்கை அதைக் குறை சொன்னது: வெட்டி எடுப்பதில் காட்டிய அக்கறையை, வராமல் தடுப்பதில் காட்டவில்லை என்று. ஆபரேஷனை எண்ணுவது சுலபம். தூக்காத பாரத்தை எப்படி எண்ணுவது? இருந்தாலும் "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்ற வசனத்தை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள மறுத்தது, எங்களுக்குப் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. இங்கே அந்த வசனத்தைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் யாராவது வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மேசையைச் சுற்றி எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எங்களில் ஒருவன் கேட்டான். பேச்சு அங்கே நின்றது.

சிநேகிதியின் அம்மா இப்போது நேரத்தை மாற்றிவிட்டார். செயலியில் மணி வைக்கும் இடத்தை மகள் காட்டிக்கொடுக்க, அவரே அழித்தார். அவருக்கு மணி தேவையில்லை. ஒரு நாளில் மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வரிசையில் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். சாக்கை இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்தபடி எட்டு தடவை. சாக்கைத் திரும்பத் தூக்குமுன் ஒன்பதாவது. இரவில் மட்டும் போனை எடுத்து, அன்றைக்கு எத்தனை என்று போட்டுவைக்கிறார். மூன்றாவது மாதம் நடக்கிறது. அடுப்புக்கு மேலே கொடியில் துணி குறைந்திருக்கிறதாம், இல்லாமல் போகவில்லை. போன வாரம் போனில் பேசும்போது, பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். தராசடியில் மூன்று பேரும் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "என்ன, கோவமா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம்.